பட்டியலில் ஒரு பெயர்: திலீப் பாருல்கரின் 357 நாட்கள்

இந்த எபிசோடை நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வீடியோவில் இருந்து ஆரம்பிக்கலாம்.

2019 பிப்ரவரி 27. அன்னைக்கு எல்லார் வாட்ஸ்அப்பிலும் ஒரே வீடியோதான் சுத்திக்கிட்டு இருந்தது. விங் கமாண்டர் அபிநந்தன் வர்தமான், சென்னைக்காரர். அவருடைய மிக்-21 சுடப்பட்டு, பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் இருக்கும் காஷ்மீர் பகுதியில் பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டிருந்தார். கண்ணைக் கட்டியிருந்தார்கள். முகமெல்லாம் ரத்தம். பெயரைச் சொன்னார், சர்வீஸ் நம்பரைச் சொன்னார். அதுக்கு மேல கேட்டப்போ, அதைச் சொல்லக் கூடாதுன்னு மரியாதையா முடிச்சுட்டார்.

அதைப் பார்த்து நமக்கெல்லாம் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். போர்க் கைதியை ஊர் வேடிக்கை பார்க்கும்படி காட்டக் கூடாதுன்னு ஜெனீவா ஒப்பந்தமே சொல்லுது. ஆனா அந்த வீடியோ வெளியே வந்த நிமிஷத்தில் இன்னொரு விஷயமும் நடந்துடுச்சு. 'அப்படி ஒருத்தர் எங்ககிட்ட இல்லவே இல்லை'ன்னு இனிமே யாராலும் சொல்ல முடியாது. மார்ச் 1 ராத்திரி அவர் வாகா எல்லை வழியா நடந்து வந்தார். மூணு நாள்கூட முழுசா ஆகலை.

இன்னைக்கு நான் சொல்லப் போறது, அதே வாகா வழியா 1972 டிசம்பர் 1 அன்று திரும்பி வந்த இன்னொரு விமானியைப் பற்றி. பெயர் திலீப் பாருல்கர். அவர் கைதியாக இருந்தது 357 நாட்கள். நடுவில் ஒரு தடவை சுவரில் ஓட்டை போட்டுத் தப்பிச்சு, ஆப்கானிஸ்தான் எல்லைக்குச் சில கிலோமீட்டர் தூரம் வரைக்கும் போயிட்டார். இதை ஒரு சாகசக் கதையாகப் பல பேர் சொல்லியிருக்காங்க, சினிமாகூட வந்திருக்கு. சாகசம் இருக்கு, நானும் சொல்றேன். ஆனா இதைப் படிக்கப் படிக்க என் மனசில் நின்னது ஓட்டை போட்ட சுவர் இல்லை. தப்பிச்சுப் போனவர் கடைசியில் செய்த ஒரு போன் கால்தான். அது ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

தோளில் குண்டு

பாருல்கர் இந்திய விமானப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தது 1963 மார்ச்சில். இரண்டரை வருஷத்தில் முதல் போர். 1965 இந்தியா-பாகிஸ்தான் போரில் ஒரு தாக்குதலின்போது கீழிருந்து வந்த குண்டு அவருடைய விமானத்தைத் துளைத்து, வலது தோளைக் காயப்படுத்தியது. கூடப் பறந்த லீடர், விமானத்தை விட்டுட்டு பாராசூட்டில் குதிச்சுடுன்னு சொன்னார். பாருல்கர் குதிக்கலை. காயப்பட்ட தோளோடு, அடிபட்ட விமானத்தைத் தளத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். அதுக்குத்தான் அவருக்கு வாயு சேனா பதக்கம்.

அடுத்த போர் 1971 டிசம்பர் 3 அன்று தொடங்கியது. இந்த முறை அவர் ஓட்டியது சுகோய்-7. இன்னைக்கு நாம கேள்விப்படுற சுகோய்-30 மாதிரி எல்லாம் கற்பனை பண்ணாதீங்க. இது பழைய சோவியத் விமானம். ஒரே இன்ஜின், எரிபொருளைத் தண்ணி மாதிரிக் குடிக்கும். வேலை என்னன்னா, தாழப் பறந்து தரையில் இருக்கும் டாங்கி, பீரங்கி, ரயில் இதையெல்லாம் அடிக்கணும். தாழப் பறந்தா கீழே இருக்கும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்கும் நல்ல குறி கிடைக்கும். அந்தப் போரில் சுகோய்-7 படைப்பிரிவுகளின் இழப்பு அதிகமா இருந்ததுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

டிசம்பர் 10 அன்று பாருல்கரின் விமானம் பாகிஸ்தான் பக்கத்தில் சுடப்பட்டது. இந்த முறை விமானத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. குதித்தார், பிடிபட்டார். ரேங்க் ஃபிளைட் லெஃப்டினன்ட். வயசு முப்பதுகூட ஆகலை.

ஒரு கார்டு, நாலு தகவல்

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, போர்க் கைதின்னா சட்டப்படி யாருன்னு பார்த்துடலாம்.

1949-ல் வந்த மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தம் முழுக்க முழுக்கப் போர்க் கைதிகளுக்கானது. பிடிபட்டவர் நாலு விஷயம் சொன்னால் போதும்: பெயர், ரேங்க், பிறந்த தேதி, சர்வீஸ் நம்பர். அபிநந்தன் சொன்னதும் இந்த வரிசையில் வருவதுதான். பிடிச்ச நாடு அந்த விவரங்களைப் பதிவு செய்யணும், செஞ்சிலுவைச் சங்கம் மூலமா எதிர் நாட்டுக்குத் தெரிவிக்கணும். குடும்பத்துக்கு ஒரு கார்டு எழுத கைதிக்கு உரிமை உண்டு. சம்பள முன்பணம்கூட உண்டு. பாருல்கர் மாதிரி மேஜருக்குக் கீழே இருக்கும் அதிகாரிக்கு மாசம் 50 ஸ்விஸ் ஃபிராங்க்.

என்னை மாதிரி சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். டேட்டாபேஸில் உங்க பெயரில் ஒரு ரோ இருந்தால், நீங்க இருக்கீங்க. உங்களை அடிச்சா, பட்டினி போட்டா, கொன்னா, யாராவது கேள்வி கேட்பாங்க. அந்த ரோ இல்லைன்னா, நீங்க எங்கே போனீங்கன்னு கேட்கக்கூட ஆதாரம் கிடையாது. 1971-ல் இதெல்லாம் பேப்பரில்தான் நடந்தது. ஆனா கணக்கு அதே கணக்குதான்.

பாருல்கரை ராவல்பிண்டியில் இருந்த போர்க் கைதிகள் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முதலில் தனித்தனி அறை, விசாரணை. டிசம்பர் கடைசியில்தான் இந்திய விமானிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடிந்தது. அவர்களில் மூத்தவர் விங் கமாண்டர் கோயலோ. முகாமின் கமாண்டண்ட் ஸ்குவாட்ரன் லீடர் உஸ்மான் ஹமீத், பாகிஸ்தான் விமானப்படை அதிகாரி. கிறிஸ்துமஸுக்குக் கைதிகளுக்காக ஒரு கேக் கொண்டுவந்தவர் இவர்தான். இந்தப் பெயரை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

போர் முடிஞ்சது, வீடு வரலை

டிசம்பர் 16, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அடுத்த நாள் மேற்கிலும் சண்டை நின்றது. சண்டை நின்றவுடன் தாமதம் இல்லாமல் கைதிகளைத் திருப்பி அனுப்பணும், இது ஒப்பந்தத்தின் 118-ஆவது பிரிவு. அப்போ ஜனவரியில் வீட்டுக்குப் போயிடலாம், இல்லையா?

போகலை. காரணம் இவங்க யாரும் இல்லை. கிழக்கில் சரணடைந்து இந்தியாவின் கையில் இருந்தவர்கள் சிவிலியன்களையும் சேர்த்துச் சுமார் 93,000 பேர். அவர்கள் சரணடைந்தது இந்தியா-வங்கதேசம் கூட்டுப் படையிடம். அதனால் வங்கதேசத்தைக் கேட்காமல் அனுப்ப முடியாதுன்னு இந்தியா சொன்னது. அந்த வங்கதேசத்தை ஒரு நாடாகவே பாகிஸ்தான் அப்போ அங்கீகரிக்கலை. 1972 ஜூலை 2 அன்று சிம்லா ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலும் கைதிகள் விஷயத்தைப் பிறகு பேசிக்கலாம்னு தள்ளி வச்சுட்டாங்க.

இதை ராவல்பிண்டி முகாமில் உட்கார்ந்துக்கிட்டு யோசிச்சுப் பாருங்க. ஜெயில் தண்டனைன்னா ஒரு தேதி இருக்கும், ஒவ்வொரு நாளா அடிச்சுக்கிட்டே வரலாம். இங்கே அப்படி ஒரு தேதியே கிடையாது. எங்கேயோ இரண்டு தலைவர்கள் உட்கார்ந்து பேசினால்தான் உங்க கதவு திறக்கும். அவங்க எப்போ பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

பாருல்கர் இதுக்கெல்லாம் முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருந்தவர். போர் வருவதற்கு முன்பே தன் மேலதிகாரியிடம், நான் பிடிபட்டால் முகாமில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன், தப்பிச்சு வந்துடுவேன்னு சொல்லியிருந்தார். அவரோட கூட்டு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மல்விந்தர் சிங் கிரேவால், இன்னொருவர் ஹரீஷ் சிங்ஜி. ரெண்டு பேரும் விமானிகள்.

சுவரும் வரைபடமும்

எந்தப் பக்கம் போறது? இதுதான் முதல் கேள்வி. இந்திய எல்லை கிட்டத்தில்தான் இருக்கு. ஆனா இப்பதான் போர் முடிஞ்ச எல்லை அது. ரெண்டு பக்கமும் ராணுவம், கண்ணிவெடி. இன்னொரு பக்கம் ஆப்கானிஸ்தான், போரில் சம்பந்தப்படாத நாடு. ராவல்பிண்டியில் இருந்து பெஷாவர் சுமார் 170 கிலோமீட்டர். அங்கிருந்து கைபர் கணவாய் வழியா டோர்க்கம் எல்லை இன்னொரு 55 கிலோமீட்டர். கைதி ஒருவர் பிடிச்சு வச்ச நாட்டின் எல்லையைத் தாண்டிட்டாலே, ஒப்பந்தப்படி அது வெற்றிகரமான தப்பித்தல். அதனால மேற்கே போறதுன்னு முடிவு.

தயாரிப்பு மாசக்கணக்கா நடந்தது. கையில் இருந்த கருவிகள் முள்கரண்டி, கத்தி, கத்தரிக்கோல். ராத்திரி ராத்திரியாக அறையின் பின்சுவரில் காரையைச் சுரண்டி, செங்கல்லை ஒவ்வொண்ணா அசைச்சு எடுத்தார்கள். இடிபாட்டைக் கட்டிலுக்குக் கீழே மறைத்தார்கள். வெளிப்பக்கப் பூச்சை மட்டும் கடைசி ராத்திரிக்கு விட்டு வைத்தார்கள். கிடைத்த முன்பணத்தில் கொஞ்சம் கொஞ்சமா சேமித்தார்கள். பதான்கள் போடுற மாதிரி உடை தயாரானது. கூட இருந்த குருவிளா என்ற விமானி ஊசியைக் காந்தமாக்கி ஒரு திசைகாட்டியே செய்து கொடுத்தார். வழிக்கு ஒரு பழைய வரைபடம் இருந்தது. அந்த 'பழைய' என்ற வார்த்தையையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

உடை மட்டும் போதாது, ஆளும் மாறணும். இதில் ஒரு அனுபவப் பாடம் அவங்களுக்கு முன்னாடியே கிடைச்சிருந்தது. ஜே.எல். பார்கவா என்ற விமானி, டிசம்பர் 5 அன்று பாலைவனத்தில் விழுந்து, எதிர்ப்பட்டவர்களிடம் தான் ஒரு பாகிஸ்தான் விமானி, பெயர் மன்சூர் அலின்னு சொல்லிச் சமாளிச்சுக்கிட்டே நடந்தார். ஒருத்தர் கலிமா சொல்லுன்னு கேட்டார். தெரியலை. அங்கேயே மாட்டிக்கிட்டார். அதனால் பாருல்கர் குழு கிறிஸ்தவப் பெயர்களைத் தேர்ந்தெடுத்தது. பாருல்கர், பிலிப் பீட்டர். சிங்ஜி, ஹெரால்ட் ஜேக்கப், லாகூர் ஹோட்டல் ஒன்றில் டிரம்ஸ் வாசிப்பவர். கிரேவால் மட்டும் அலி அமீர். விடுமுறையில் ஊர் சுத்திப் பார்க்க வந்த பாகிஸ்தான் விமானப்படை ஆட்களும் அவங்க நண்பரும், இதுதான் கதை.

இதில் இருக்கும் ஆபத்தைக் கவனிங்க. தப்பிக்க முயற்சி செய்து மாட்டினால், ஜெனீவா ஒப்பந்தப்படி அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம் மட்டும்தான். அதிகபட்சம் 30 நாள் தண்டனை. சாதாரண உடை போட்டதுக்கோ பொய்ப் பெயர் சொன்னதுக்கோ தனி வழக்குகூடப் போட முடியாது. ஆனா இந்தப் பாதுகாப்பு எல்லாம் ஃபிளைட் லெஃப்டினன்ட் பாருல்கருக்குத்தான். பிலிப் பீட்டருக்கு இல்லை. சுவரைத் தாண்டின நிமிஷம், அவங்க பட்டியலில் இருந்த தங்கள் பெயரைத் தாங்களே அழிச்சுட்டுப் போறாங்க.

ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை

ஆகஸ்ட் 14 பாகிஸ்தானின் சுதந்திர தினம். அந்த வருஷம் அது திங்கட்கிழமை. ஞாயிறும் சேர்ந்து நீண்ட விடுமுறை. 12-ஆம் தேதி ராத்திரி காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. காவலர்கள் மழைக்கு ஒதுங்கினார்கள். மூணு பேரும் கடைசிப் பூச்சைத் தள்ளிவிட்டு ஓட்டை வழியா வெளியே ஊர்ந்து, மதிலைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்து சினிமா தியேட்டரில் ராத்திரி ஷோ விட்டிருந்தது. கூட்டத்தோடு கூட்டமா கலந்து நடந்தார்கள்.

பஸ் பிடித்துப் பெஷாவர். அங்கிருந்து ஜம்ரூத். அப்புறம் கைபர் கணவாய்க்குள் லண்டி கோட்டல் போற பஸ். உள்ளே இடமில்லாமல் பஸ் கூரையில் உட்கார்ந்து போனார்கள். ஞாயிறு காலை லண்டி கோட்டலில் இறங்கினபோது எல்லை இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர்தான். சுத்திப் பார்த்தால் அங்கே யாருமே வெறுந்தலையோடு இல்லை. உடனே தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். டீ குடித்தார்கள். அடுத்து வண்டி பிடிக்கணும், அவ்வளவுதான் பாக்கி.

அப்போ பக்கத்தில் வந்து விசாரித்தார் ஒருத்தர். எங்கிருந்து வர்றீங்க, எங்கே போகணும்? அவர் அந்த ஊர் தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா. இவங்க சொன்ன பதில்: லண்டி கானா.

வரைபடத்தில் எல்லைக்கு முன்னால் இருந்த கடைசி ரயில் நிலையத்தின் பெயர் அது. ஆங்கிலேயர் கைபர் ரயில் பாதையை 1925-ல் லண்டி கோட்டல் வரைக்கும் போட்டு, 1926-ல் லண்டி கானா வரைக்கும் நீட்டினார்கள். 1932-ல் அந்தக் கடைசித் துண்டு மூடப்பட்டது. நாற்பது வருஷமா ரயிலே போகாத ஒரு நிலையம். வரைபடத்தில் மட்டும் உயிரோட இருந்தது. அப்படி ஓர் இடம் இப்போ கிடையாது, அது வெள்ளைக்காரனோட போயிடுச்சேன்னு குமாஸ்தாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இன்னொரு காரணமும் இருந்தது, இதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான பகுதி. குமாஸ்தா இவங்களை இந்தியர்கள்னு சந்தேகப்படவே இல்லை. வங்காளிகள்னு நினைத்தார். 1971-க்குப் பிறகு லட்சக்கணக்கான வங்காளிகள் மேற்குப் பாகிஸ்தானில் மாட்டிக்கொண்டார்கள். பாகிஸ்தான் அரசு வேலையில், ராணுவத்தில் இருந்தவர்கள், அவங்க குடும்பங்கள். அவங்களும் பேரத்தில் மாட்டிய ஆட்கள்தான். நிறைய பேர் இதே கைபர் வழியா ஆப்கானிஸ்தானுக்குள் நுழைஞ்சு, சுத்திக்கிட்டு வங்கதேசம் போகப் பார்த்தாங்க. இவங்க மூணு பேருக்கும் தெரியாது, தாங்க தேர்ந்தெடுத்த பாதை ஏற்கெனவே தப்பி ஓடுகிறவர்களின் பாதைன்னு. எங்களைப் பார்த்தால் வங்காளி மாதிரியா இருக்குன்னு பாருல்கர் சிரிச்சுச் சமாளிக்கப் பார்த்தார். வேலைக்கு ஆகலை.

அந்த போன் கால்

தாசில்தார் முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினார்கள். கதையைச் சொன்னார்கள். அவர் நம்பலை. லாக்கப்பில் போடுங்கன்னு உத்தரவு.

இப்போ அவங்க நிலைமையைப் பாருங்க. பழங்குடிப் பகுதியில், ஒரு விடுமுறை நாளில், மூணு பேர் லாக்கப்புக்குள் போகப் போறாங்க. காகிதம் எதுவும் இல்லை. சொல்ற பெயர் பொய். முகாமில் இவங்க இல்லாதது இன்னும் யாருக்கும் தெரியாது. உள்ளே என்ன நடந்தாலும், இந்தியாவில் யாருக்கும் சேதி போகாது. ஃபிளைட் லெஃப்டினன்ட் பாருல்கர் தப்பி ஓடினார், அதுக்கப்புறம் தகவல் இல்லை. அவ்வளவுதான் எழுதப்படும்.

பாருல்கர் அப்போ கேட்டது: எங்க விமானப்படைத் தளபதியின் ஏ.டி.சி.யிடம் ஒரு நிமிஷம் போனில் பேசணும். அந்த ஏ.டி.சி. யாருன்னு நினைக்கிறீங்க? ஸ்குவாட்ரன் லீடர் உஸ்மான் ஹமீத். கேக் கொண்டுவந்த அதே கமாண்டண்ட். நடுவில் பதவி மாறி அங்கே போயிருந்தார். விமானப்படை ஆட்கள்னு இவங்க சொன்ன கதைக்கும் அந்த போன் பொருத்தமாகவே இருந்தது. தாசில்தார் போன் போட்டுக் கொடுத்தார்.

பாருல்கர் உஸ்மானிடம் உண்மையைச் சொல்லிட்டார். ராவல்பிண்டியில் இருந்து வெளியே வந்துட்டோம், இப்போ லண்டி கோட்டலில் மாட்டிக்கிட்டோம், எங்களை இங்கே லாக்கப்பில் போடப் போறாங்க. உஸ்மான் போனைத் தாசில்தாரிடம் கொடுக்கச் சொன்னார். இவங்க எங்க ஆட்கள், பத்திரமா வச்சுக்கோங்க, கை வைக்காதீங்கன்னு சொன்னார்.

தப்பிக்கிற முயற்சி அந்த இடத்தில் முடிஞ்சுபோச்சு. மாசக்கணக்கான உழைப்பு, நாலைந்து மைல் பாக்கி இருக்கும்போது, தன் கையாலேயே முடிச்சு வைக்க வேண்டியிருந்தது. ஆனா அந்த போன் காலில் பாருல்கர் செய்தது வேற ஒண்ணும் இல்லை, பட்டியலில் தன் பெயரைத் திரும்ப எழுதிக்கிட்டார். தன்னுடைய உண்மையான பெயரும் முகமும் தெரிஞ்ச ஒருத்தர் எதிரிப் படையில் இருந்தார். அவரிடம், நான் இங்கே இருக்கேன்னு தெரியப்படுத்திட்டார். உஸ்மான் மனசு வச்சதும் சாதாரண விஷயம் இல்லை. 'நீங்க எப்படியோ போங்க'ன்னு போனை வச்சிருக்கலாம். வைக்கலை.

வாகா

மூணு பேரையும் திரும்பக் கொண்டுவந்து தனிமைச் சிறையில் வைத்தார்கள். அப்புறம் லயால்பூர் ஜெயில், இன்னைக்கு ஃபைசலாபாத்னு சொல்ற ஊர். அங்கே மற்ற இந்தியப் போர்க் கைதிகளும் இருந்தார்கள். ஒருநாள் பாகிஸ்தான் அதிபர் பூட்டோவே அங்கே வந்து விடுதலை பற்றிச் சொன்னார். மேற்கு முனையில் பிடிபட்டவர்களை ரெண்டு நாடும் பரிமாறிக்கொள்ள ஒத்துக்கொண்டதால், 1972 டிசம்பர் 1 அன்று வாகாவைக் கடந்தார்கள். கிழக்கில் பிடிபட்ட பாகிஸ்தானியர்கள் எல்லாரும் வீடு போய்ச் சேர 1974 வரைக்கும் ஆனது.

பாருல்கருக்கு இந்தத் தப்பிக்கும் முயற்சிக்காக விசிஷ்ட சேவா பதக்கம் கிடைத்தது. தொடர்ந்து விமானப்படையில் இருந்தார். ஏர்ஃபோர்ஸ் அகாடமியில் பறக்கக் கற்றுக் கொடுத்தார், தேசிய பாதுகாப்பு அகாடமியில் புது அதிகாரிகளை உருவாக்கினார். குரூப் கேப்டனாக ஓய்வு பெற்றார். 2025 ஆகஸ்டில், 82 வயதில் காலமானார். விமானப்படை வெளியிட்ட இரங்கலிலும் அந்தத் தப்பித்தல் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு அப்புறமும் அவர் பெயரோட ஒட்டிக்கிட்டே வந்தது அதுதான்.

பட்டியலுக்கு வெளியே

இங்கேயே முடிச்சா நல்ல ஃபீல்-குட் எபிசோட். ஆனா அன்னைக்கு வாகாவில் எல்லாரும் வந்து சேரலை.

ஃபிளைட் லெஃப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பே. இவரும் சுகோய்-7 விமானி. பாருல்கர் விழுந்ததுக்கு அஞ்சு நாள் முன்னாடி, டிசம்பர் 5 அன்று, பாகிஸ்தானில் ஷோர்கோட் ரோடு பகுதியில் தாக்குதலுக்குப் போனபோது காணாமல் போனார். அவர் மனைவி தமயந்தி தாம்பே, பேட்மிண்டனில் தேசிய சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கியவர். கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட ஆகலை. பிடிபட்ட இந்திய விமானிகள்னு பாகிஸ்தான் தரப்புப் பத்திரிகை ஒன்றில் வந்த செய்தியில் 'டோம்பே'ன்னு ஒரு பெயர் இருந்தது. பெயர் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எழுத்து கொஞ்சம் மாறியிருக்கு. ஆனா அதிகாரபூர்வமான கைதிகள் பட்டியலில் தாம்பே இல்லை.

1971 போரில் காணாமல் போனவர்கள்னு இந்தியா நீண்ட காலமாகச் சொல்லி வந்த எண்ணிக்கை 54. இதில் எத்தனை பேர் சண்டையிலேயே இறந்தார்கள், எத்தனை பேர் உயிரோடு பிடிபட்டார்கள் என்பது தீராத கேள்வி. எங்கள் சிறையில் அப்படி யாரும் இல்லைன்னு பாகிஸ்தான் தொடர்ந்து சொல்லி வருகிறது. 2007-ல் காணாமல் போனவர்களின் குடும்பத்தினர் ஒரு குழுவாகப் பாகிஸ்தான் போய்ச் சிறைகளைப் பார்த்தார்கள். தமயந்தியும் போனார். பதிவேடுகளைக் காட்டினார்கள், அவர்கள் தேடிப் போன ஆட்கள் மட்டும் கிடைக்கலை. அப்போ அவர் கணவர் காணாமல் போய் 35 வருஷம் தாண்டியிருந்தது.

பாருல்கரும் தாம்பேயும் ஒரே போர், ஒரே வகை விமானம், ஒரே வாரம். ஒருத்தருக்கு ஒரு கார்டு, ஒரு முகாம், தன் முகம் தெரிஞ்ச ஒரு எதிரி அதிகாரி, கடைசியில் ஒரு போன். இன்னொருத்தருக்கு எழுத்து மாறின ஒரு பத்திரிகைச் செய்தி.

அதனால, அடுத்த தடவை எங்கேயாவது ஒரு போர் நடந்து, பிடிபட்டவர் ஒருத்தர் கேமராவைப் பார்த்துத் தன் பெயரையும் நம்பரையும் சொல்ற வீடியோ உங்க போனுக்கு வரலாம். எந்த நாட்டுக்காரரா இருந்தாலும், அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. அவர் வீட்டில் இருப்பவங்களுக்கு அந்தப் பெயர் ஒண்ணுதான் அப்போதைக்குப் பிடிமானம்.